ஃபார்ம், ரிஃபார்ம், யூனிஃபார்ம்

பேச்சுப் பயிற்சி வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். என்னைப் பற்றி ஒரு விஷயம் நிச்சயம் உங்கள் காதுக்கு வந்திருக்கும். அந்த அம்மா எதிரில் கைதட்டிவிடாதே, எரிந்து விழுவார் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மைதான். நோயாளி ஒரு வார்த்தை சொன்னதும் சுற்றி நிற்பவர்கள் கைதட்டினால் எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். உங்கள் வயதில் நானும் தட்டிக்கொண்டிருந்தவள்தான். எப்போது நிறுத்தினேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பயிற்சி முறைகளை உங்கள் பாடப்புத்தகம் என்னைவிட நன்றாகச் சொல்லும். அதை நான் தொடப் போவதில்லை.

சாந்தோமில் ரெஜினா டீச்சர் என்று ஒருவர் இருந்தார். பெண்கள் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அந்தப் பக்கத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் அவரிடம் படித்த ஒரு பெண்ணாவது எதிரில் வருவாள். அவர் வகுப்பில் ஒரு பழக்கம் உண்டு. லத்தீனிலிருந்து வந்த ஒரு வேரை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து கிளைத்த ஆங்கில வார்த்தைகளை அசைக் கணக்கில் அடுக்குவார். 'ஃபார்ம்' என்றால் வடிவம். விரல் முட்டியால் மேஜையில் ஒரு தட்டு தட்டினால் வகுப்பு முழுவதும் 'ஃபார்ம்' என்று சொல்ல வேண்டும். இரண்டு தட்டினால் 'ரிஃபார்ம்'. மூன்றுக்கு 'யூனிஃபார்ம்'. நான்குக்கு 'இன்ஃபர்மேஷன்'. வேறு வேர்களும் உண்டு. ஆனால் வருஷத்தின் முதல் பாடம் இதுதான், பிள்ளைகள் கூச்சல் போட்டால் அடக்குவதற்கும் இதுதான். டீச்சர் அதட்ட மாட்டார். மேஜையில் இரண்டு தட்டு தட்டுவார். யார் எதைப் பேசிக்கொண்டிருந்தாலும் 'ரிஃபார்ம்' என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. நான் முதலில் பார்த்தபோது அவர் வலது கையும் காலும் துவண்டு, சக்கர நாற்காலியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மூளையின் இடது பக்கத்தில் பக்கவாதம். நாம் சொல்வது அவருக்குப் புரிந்தது. பதில் சொல்ல வேண்டும் என்ற நினைப்பும் இருந்தது. நினைப்புக்கும் நாக்குக்கும் நடுவே இருந்த பாதைதான் அடைத்துக்கொண்டுவிட்டது. தண்ணீர் என்று கேட்க வாயைத் திறப்பார், காற்றுதான் வரும்.

நான் போக ஆரம்பித்த புதிதில் பழைய மாணவிகள் சிலர் பார்க்க வந்தார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி சாந்தி என்று ஒருத்தி. மந்தைவெளியில் தையல் கடை வைத்திருந்தாள். குரல் தெருமுனை வரை கேட்கும்.

"இன்னா மிஸ், இப்டி உக்காந்துகினு கீறீங்க? எங்களையெல்லாம் பெஞ்சு மேல ஏத்துன ஆளு நீங்க!" என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்ன தோன்றியதோ, டீப்பாயில் இரண்டு தட்டு தட்டினாள்.

"ரிஃபார்ம்" என்றார் டீச்சர். தெளிவாக, கணீரென்று சொன்னார்.

வீடே கைதட்டியது. நானும் தட்டினேன். டீச்சரின் கணவர் சூசை சார் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நந்தனத்தில் அரசு அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற கண்டிப்பான மனிதர் அவர். அன்று குழந்தை மாதிரி அழுதார்.

இது எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். ஆயிரம் தடவை சொல்லித் தேய்ந்த வரிசை, ஜெபமோ கிழமைகளோ எண்களோ, தானாக உருண்டு வந்துவிடும். நினைத்து நினைத்துச் சொல்கிற பேச்சு வேறு. டீச்சருக்கு ஜெபமும் வந்தது, அந்த வார்த்தை வரிசையும் வந்தது. 'தண்ணீர்' என்ற வார்த்தை வரவில்லை. ஆனால் சூசை சாருக்கு அதையெல்லாம் யார் புரிய வைப்பது? வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் தட்டிக் காட்டி, மனைவி பேசுவதைக் காட்டினார். பங்குச் சாமியாருக்குக் காட்டினார், கேபிள்காரருக்கும் காட்டினார். பழைய மாணவிகளின் வாட்ஸ்அப் குழுவில் வீடியோ சுற்றியது. இரண்டு வாரத்தில் தண்ணீர் வேண்டும் என்றாலும் 'யூனிஃபார்ம்', முதுகு வலித்தாலும் 'யூனிஃபார்ம்' என்று ஆகிவிட்டது. தான் சொல்வது தப்பு என்று டீச்சருக்குத் தெரியும். சொல்லிவிட்டு இடது கையால் தொடையில் ஓங்கி அடித்துக்கொள்வார்.

"சார், இவாளை இப்படி வித்தை காட்ட வைக்காதீங்கோ" என்று ஒரு நாள் சொல்லியே விட்டேன்.

"பேசுறது நல்லதுதானே மேடம்? சும்மா இருந்தா மறந்துடும்ல?"

"இது பேச்சு இல்லை சார். பேச்சை வழி மறிச்சுண்டு நிக்கறது."

அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வீட்டில் தட்டுவதை நிறுத்தினார். வருகிறவர்களையும் தட்டவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக டீச்சருக்கு 'தண்ணி' வந்தது, 'வேணாம்' வந்தது. எனக்கு அப்போது நம்பிக்கை வந்தது.

அவர்களுக்கு ஒரே பெண், லீனா. தி.நகரில் ஆடிட்டர் ஆபீஸில் வேலை. அம்மாவுக்கு உடம்புக்கு வருவதற்கு முன்பே கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை, கல்யாணமான வாரமே கிளம்ப வேண்டும். ஒரு நாள் லிஃப்ட் வரை வழியனுப்ப வந்தவள், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆன்ட்டி, ஒண்ணு கேக்கவா? அம்மா வாயில என் பேரு வருமா?"

"ஏன்மா, இப்போ தண்ணி வர்றதே. அதுவும் வரும்."

"இல்ல, சும்மா கேட்டேன். நான் அம்மா ஸ்கூல்லதான் படிச்சேன், தெரியுமா? அங்க அவங்களை அம்மான்னு கூப்பிடக் கூடாது, மிஸ்தான். அவங்களும் என் பேரைச் சொல்ல மாட்டாங்க. 'தேர்ட் பெஞ்ச், ஸ்டாண்ட் அப்'னுதான். வீட்டுக்கு வந்தாலும் பாதி நேரம் மிஸ்ஸாவேதான் இருப்பாங்க. ஊருல இருக்குற புள்ளைங்களுக்கெல்லாம் அம்மாவா இருந்தாங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "இப்ப போகப்போறேன்ல. போறதுக்குள்ள ஒரு தடவை கூப்பிட்டுட்டா நல்லா இருக்கும்."

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். நம் தொழிலில் இந்த வார்த்தையை நாம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்!

அடுத்த முறை டீச்சர் முன்னால் குடும்பப் படங்களைப் பரப்பினேன். எதைச் சொல்லப் பழக வேண்டும் என்று அவரே காட்டட்டும் என்று. லீனாவின் படத்தில் விரலை வைத்தார். பிறகு வாசல் கதவைக் காட்டினார். பிறகு காற்றில் கட்டைவிரலால் சின்னதாக ஒரு சிலுவை போட்டார். எனக்குப் புரிந்தது. அவர்கள் வழக்கப்படி கல்யாணப் பெண் கோயிலுக்குப் புறப்படும்முன் வீட்டில் மண்டியிடுவாள், பெற்றவர்கள் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிப்பார்கள். அந்த நேரத்துக்கு டீச்சருக்கு ஒரு வார்த்தை வேண்டும். 'அருள் நிறைந்த மரியே' சொல்லலாமே, அதுதான் முழுசாக வருகிறதே என்றேன். தலையைப் பலமாக ஆட்டி மறுத்தார். ஜெபம் எல்லோருக்கும் பொது. அவருக்குத் தன் பெண்ணிடம் சொல்ல வேண்டியிருந்தது. நான் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்து, கடைசியில் ஒரு வாக்கியத்துக்கு அவர் தலையசைத்தார். "லீனா, போயிட்டு வா." அவ்வளவுதான்.

நாள் குறைவு. சாதாரண வழியில் போனால் கல்யாணத்துக்குள் வராது என்று எனக்குத் தெரிந்தது. அவருக்குத் திறந்திருந்த ஒரே பாதை அந்தத் தட்டல்தான். நான் பூட்டி வைத்ததை நானே திறந்தேன். ஆனால் இந்தத் தடவை ஆங்கில வார்த்தை கிடையாது. இடது கை முட்டியால் இரண்டு தட்டு, லீ-னா. மூன்று தட்டு, போ-யிட்-டு. ஒரு தட்டு, வா. இன்றைக்கு நீங்கள் கேட்டாலும் அந்த முடிவு சரி என்றுதான் சொல்வேன். வேறு வழி இருந்ததாக எனக்கு இப்போதும் தோன்றவில்லை.

லீனாவையும் கூப்பிட்டு எதிரில் உட்கார வைக்கலாமா என்று கேட்டேன். டீச்சர் விரலை உதட்டில் வைத்தார். கண்ணில் ஒரு குறும்பு. உடம்பு சரியில்லாமல் போனதிலிருந்து அந்த முகத்தில் நான் பார்க்காத குறும்பு அது.

"சர்ப்ரைஸா இருக்கட்டும் மேடம்" என்றார் சூசை சார். அவரும் கூட்டணியில் சேர்ந்துவிட்டார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. லீனா ஆபீஸ் போன பிறகு நான் போவேன். அவள் வருவதற்குள் கிளம்பிவிடுவேன். திருட்டுத்தனமாகச் சினிமாவுக்குப் போகிற பெண்கள் மாதிரி நாங்கள் இரண்டு பேரும் அதை ரசித்தோம்.

முதலில் இரண்டு தட்டு தட்டினால் 'ரிஃபார்ம்'தான் வந்தது. நான் அவர் முகத்துக்கு நேரே என் வாயைக் காட்டி, நாக்கை மேலே வைத்து, 'லீ' என்பேன். அவர் தட்டுவார், 'ரி' என்று ஆரம்பிப்பார், நிறுத்துவார், தொடையில் அடித்துக்கொள்வார். ஒரு நாள் மத்தியானம், கீழே மீன்காரம்மா வஞ்சிரம் வஞ்சிரம் என்று கத்திக்கொண்டு போகும்போது, டீச்சர் தட்டினார். நாக்கு மேலே போனது. "லீ...னா" என்றார். தன் குரலைக் கேட்டு அவரே திடுக்கிட்டார். பிறகு இன்னொரு தடவை. பிறகு இன்னொரு தடவை. சூசை சார் அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டார். கல்யாணத்துக்கு முந்தின நாள் முழு வாக்கியமும் வந்தது. அறை அமைதியாக இருந்தால், அவசரப்படுத்தாமல் இருந்தால், பத்துக்கு ஒன்பது தடவை வந்தது.

கல்யாணத்தன்று காலையில் வீட்டில் கால் வைக்க இடமில்லை. பழைய மாணவிகள் பட்டாளமாக வந்திருந்தார்கள். சாந்திதான் கல்யாண ரவிக்கை தைத்தவள், அதனால் ஊசி நூலோடு லீனா பக்கத்திலேயே நின்றாள். வீடியோக்காரர் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். கீழே கார் வந்துவிட்டது, சாமியார் காத்திருக்கிறார், பூசைக்கு நேரமாகிறது என்று யாரோ கத்திக்கொண்டே இருந்தார்கள். லீனா வெள்ளைப் புடவையில் வந்து அம்மாவின் நாற்காலிக்கு முன் மண்டியிட்டுத் தலையைக் குனிந்தாள். சூசை சார் ஜெபம் சொல்லி நெற்றியில் சிலுவை போட்டார். பிறகு விலகி, என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

டீச்சர் இடது கையால் சிலுவை வரைந்தார். கூடத்தில் இன்னமும் சலசலப்பு ஓயவில்லை. நாற்காலியின் கைப்பிடியில், நாங்கள் பழகியபடியே, முட்டியால் இரண்டு தட்டு தட்டினார்.

"ரிஃபார்ம்!"

டீச்சர் வாயைத் திறக்கும் முன்பே அது வந்துவிட்டது. முன்வரிசையிலிருந்து ஒரு குரல், அது முடிவதற்குள் கூடம் முழுக்க. நாற்பது வயதுப் பெண்களும் ஐம்பது வயதுப் பெண்களும் பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு 'ரிஃபார்ம்' என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றார்கள். உடனே ஒரே சிரிப்பு. டீச்சரின் நாக்கு மேலே போனதை நான் பார்த்தேன். அது அங்கேயே நின்றது. மறுபடி இரண்டு தட்டினார். "ரிஃபார்ம்!" இப்போது வேண்டுமென்றே, சந்தோஷமாக, இன்னும் சத்தமாகச் சொன்னார்கள். பெயரை விட்டுவிட்டு அடுத்ததையாவது பிடிக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ, மூன்று தட்டினார். "யூனிஃபார்ம்!" அதற்குப் பிறகு அவர் வாய் அவர் வசத்தில் இல்லை. "இன்ஃபர்மேஷன்" என்றார், கணீரென்று.

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். ரெஜினா பேசிட்டா என்று யாரோ ஒரு மாமா சூசை சாரைக் கட்டிக்கொண்டு கத்தினார். சூசை சாருக்கு மட்டும் நடந்தது தெரிந்தது, சிலையாக நின்றார். டீச்சர் கூட்டத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். தலையை மெதுவாக இடமும் வலமும் ஆட்டினார்.

அந்த ஒரு நிமிஷம்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. கூடத்தை அமைதியாக்கிவிட்டு இன்னொரு தடவை முயற்சி செய்ய வைக்கலாம். ஆனால் வாய் ஒரு தடவை அந்தத் தடத்தில் ஏறிவிட்டால் உடனே இறங்காது என்று எனக்குத் தெரியும். இத்தனை பேர் முன்னால், கேமரா முன்னால், மறுபடி தோற்றால்? கார் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. சாயந்திரம் ரிசெப்ஷனுக்கு முன் தனி அறையில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, போகலாம் என்று தலையசைத்தேன். லீனா எழுந்து, அம்மாவின் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். அம்மா தன்னைக் கூப்பிடப் பார்த்தாள் என்பது அவளுக்குத் தெரியாது.

முதல் குரல் கொடுத்தது சாந்தியைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்? எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளைப் படிக்கட்டில் பிடித்துக்கொண்டேன்.

"உனக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா? ரெண்டு நிமிஷம் வாயை மூடிண்டு நிக்கத் தெரியாதா? என்ன காரியம் பண்ணிட்டே தெரியுமா நீ?"

தெருமுனை வரை கேட்கிற அந்தக் குரலுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தப்புதான் மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கீழே இறங்கிப் போய் லீனாவின் புடவை கார் கதவில் மாட்டிக்கொள்ளாமல் தூக்கிவிட்டாள்.

சாயந்திரம் தனி அறையில் லீனாவைக் கூட்டி வரட்டுமா என்று டீச்சரைக் கேட்டேன். இடது கையை மடியில் புதைத்துக்கொண்டார். மறுநாளும் கேட்டேன். அதற்கு அடுத்த நாளும். லீனாவிடம் நடந்ததைச் சொல்லவா என்றதற்கும் வேண்டாம் என்று தலையாட்டினார். அவள் விமானம் ஏறிப் போனாள். பிறகு எத்தனையோ வார்த்தைகள் வந்தன. 'சாப்பாடு' வந்தது, 'ஃபேன்' வந்தது, என்னைக்கூட 'வா' என்று கூப்பிடப் பழகிக்கொண்டார். பெண்ணின் பெயரை மட்டும் அவர் மறுபடி முயற்சி செய்யவே இல்லை. வீடியோ காலில் லீனா வந்தால் திரையில் கட்டைவிரலால் சிலுவை போடுவார். சில வருஷங்களில் போய்ச் சேர்ந்துவிட்டார். என் வேலையில் நான் பேச வைத்தவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களை நான் நினைப்பதில்லை. ரெஜினா டீச்சரைத்தான் நினைக்கிறேன்.

கைதட்டலை அன்றோடு வெறுத்தேன். அதுதான் பாடம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டும் இருந்தேன். இப்போது பயிற்சிக்கு வருகிற எல்லோரிடமும் வேறொன்றைச் சொல்கிறேன். ஒருவர் யாருக்காக ஒரு வார்த்தையைப் பழகுகிறாரோ, அந்த ஆளை முதல் நாளே அறைக்குள் கூட்டி வந்துவிடுங்கள். ஆச்சரியம், ரகசியம் எதற்கும் இடம் கொடுக்காதீர்கள். இதை எனக்கு லீனாதான் சொல்லிக் கொடுத்தாள்.

டீச்சரின் நினைவுத் திருப்பலி முடிந்து, கோயில் வளாகத்தில் வேப்பமரத்தடியில் அவளோடு நின்றுகொண்டிருந்தேன். இனி மறைத்து யாருக்கு என்ன லாபம் என்று தோன்றியது. அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"லீனா, கல்யாணத்தன்னிக்கு உங்கம்மா தட்டினாளே, ஞாபகம் இருக்கா? அது கிளாஸ் எடுக்கத் தட்டலை. 'லீனா, போயிட்டு வா'ன்னு சொல்றதுக்கு. நானும் அம்மாவும் வாரக்கணக்கா பழகினோம். முந்தின நாள் அழகா சொன்னா. அந்த சாந்தி மட்டும் குரல் குடுக்காம இருந்திருந்தா..."

லீனா என் கையைப் பிடித்தாள். பிடி இறுகியது.

"ரெண்டு தட்டு என் பேருக்கா?"

"ஆமாம்மா."

என் கையை விட்டுவிட்டு வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டாள்.

"சாந்தியக்கா இல்ல ஆன்ட்டி. மொதல்ல சொன்னது நான்தான். தலையக் குனிஞ்சுக்கிட்டு இருந்தேன், தட்டுற சத்தம் கேட்டுச்சு, வாய் தானா சொல்லிடுச்சு. எத்தன வருஷம் அவங்க முன்னாடி உக்காந்திருக்கேன்! அக்கா என் பக்கத்துலதான் நின்னாங்க, அவங்களுக்குத் தெரியும்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "நான் நிமிந்து பாத்தப்ப அம்மா என்னையேதான் பாத்துக்கிட்டு இருந்தாங்க. கல்யாணத்தன்னிக்குக்கூட நமக்குக் கிளாஸ்தான் எடுக்குறாங்கன்னு நெனச்சேன் ஆன்ட்டி. கோவமா கார்ல ஏறுனேன். என் பேரைச் சொல்லப் போறாங்கன்னு யாராச்சும் ஒருத்தர் ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் பேசாம இருந்திருப்பேனே."